பழைய காரின் பின் வில் பட்டை: வீட்டிலேயே பத்திரமாக மாற்றும் முறை

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் பாதையிலுள்ள குழி ஒன்றுதான். கட்டை வண்டியில் போகிறவருக்கு ஒவ்வொரு குழியும் இடுப்பில் வந்து விழும். வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே அடுக்கியுள்ள இரும்புப் பட்டைகள் வளைந்து நிமிர்ந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அம்பாசிடர் காரின் பின்புறத்திலும், பிரீமியர் பத்மினியின் பின்புறத்திலும், பழைய மகிந்திரா ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது அதே வில்தான். உருக்கின் தரமும் அளவும்தான் வேறு.

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே நின்றது. ஆனாலும் கிராமங்களில் இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தை ஏற்றிச் செல்லும். மற்ற நாட்களில் உர மூட்டை, விதை, காய்கறிக் கூடை, பம்புசெட் மோட்டார் என்று எல்லாம் பின்புறத்தில் ஏறும். பாரம் முழுவதும் பின் பட்டையின் மேல் விழுவதால் முதலில் சோர்வதும் உடைவதும் அதுதான்.

பம்புசெட்டைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்த விவசாயிக்குப் பின் பட்டையை மாற்றுவது கடினமான வேலை அல்ல. ஆனால் பம்புசெட் வேலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே வேலை செய்கிறவரின் தலைக்கு மேல் ஏறக்குறைய ஒரு டன் எடை நிற்கிறது. ஸ்பானர் நழுவினால் விரலில் காயம். முட்டு நழுவினால் உயிர் போகும். ஆகவே பட்டையைக் கழற்றுவதைவிட வண்டியை நிறுத்துவதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

வீட்டில் மாற்றக்கூடியது பின்புறத்துப் பட்டை வில் மட்டுமே. பத்மினியின் முன்புறத்தில் இருப்பது சுருள் வில். பழைய அம்பாசிடர்களின் முன்புறத்தில் இருப்பது முறுக்குக் கம்பி. இவ்விரண்டையும் வீட்டில் கழற்றக் கூடாது.

இதன் காரணத்தை ஏற்றம் இறைத்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஏற்றத்தில் அச்சுக்கு அருகே தொங்கும் கல், தூரத்தில் தொங்கும் சாலைத் தூக்க வேண்டுமானால் சாலைவிடப் பல மடங்கு கனமாக இருக்க வேண்டும். முன் சக்கரத்தின் கதையும் அதுதான். ஒரு டன் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய கால் டன் பங்கு வரும். சக்கரம் கையின் நுனியில் இருக்கிறது. சுருள் வில்லோ கையின் நடுப்பகுதியில், மூட்டுக்கு அருகே அமர்ந்திருக்கிறது. அதனால் வில் தாங்கும் விசை அந்தக் கால் டன்னைவிட அதிகம். வண்டியை மேலே தூக்கி, சக்கரம் தொங்கிய பிறகும் அந்த வில் முழுவதும் விரிவதில்லை, இறுக்கத்தோடுதான் இருக்கும். போல்ட்டைக் கழற்றிய நொடியில் அது பாய்ந்து வெளியேறும். அதற்கென்று உள்ள இறுக்கும் கருவி இல்லாமல், சங்கிலியாலும் கட்டுக்கம்பியாலும் கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. முறுக்குக் கம்பியும் அப்படியே திடீரென்று விடுபடும். இந்த இரண்டுக்கும் பட்டறைக்குப் போவதே முறை.

பட்டை வில்லின் குணம் வேறு. வண்டியின் உடலை முட்டிலும் அச்சை ஜாக்கியிலும் தனித்தனியாகத் தாங்கிவிட்டால், நடுவிலுள்ள பட்டையின் இறுக்கம் தீர்ந்துவிடும். இந்த வேலையின் சூட்சுமம் இதுவே.

பட்டை சோர்ந்ததை எப்படி அறிவது?

வண்டியைச் சமதரையில், பாரம் எதுவும் இல்லாமல் நிறுத்த வேண்டும். நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்துப் பட்டை சோர்ந்திருக்கலாம். அல்லது உள்ளே ஒரு பட்டை முறிந்திருக்கலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. சிறு குழியிலும் பின்புறம் அடியில் மோதி 'டம்' என்று சத்தம் வரும். பின்புறம் தாழ்வதால் முன் விளக்கின் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது வண்டி நண்டு போல் சற்றுச் சாய்ந்தே ஓடும், டயரும் சீக்கிரம் தேயும். பட்டைகளை மண் போகக் கழுவி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தால் முறிவு தெரியும். முக்கியமாகச் சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும், முதல் பட்டையின் இரு முனைகளிலுள்ள கண்களுக்கு அருகிலும் பார்க்க வேண்டும். மற்றப் பட்டைகள் முறிந்தால் வண்டி தாழும். முதல் பட்டை கண்ணருகே முறிந்தால் அச்சே பிடிப்பை இழந்துவிடும். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

பட்டை வாங்கும்போது

ஒரு பக்கம்தான் முறிந்திருக்கிறது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே நல்லது. புதுப் பட்டை ஒரு பக்கமும் சோர்ந்த பட்டை மறு பக்கமும் இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கவும் கூடும்.

பட்டையோடு கூடவே புதிய யூ போல்ட்டுகள், நட்டுகள், ரப்பர் புஷ்கள், ஷேக்கிள் பின்கள் ஆகியவற்றையும் வாங்கிவிட வேண்டும். பழைய யூ போல்ட் பல ஆண்டு இறுக்கத்தில் நீண்டு, மரை தேய்ந்திருக்கும். அதைத் திரும்பப் போடுவது சில நூறு ரூபாய்க்காகப் பெரிய நஷ்டத்தைத் தேடிக்கொள்வதாகும்.

கடையில் பழைய பட்டையின் நீளம், அகலம், கனம், பட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லி வாங்க வேண்டும். சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண்வரை உள்ள தூரமும் பின் கண்வரை உள்ள தூரமும் பல வண்டிகளில் ஒன்றாக இருக்காது. இதையும் அளந்து குறித்துக்கொள்வது அவசியம். தலைகீழாகப் பூட்டினால் அச்சு இடம் மாறிவிடும்.

இடமும் முட்டும்

கிராமத்தில் இந்த வேலைக்கு ஏற்ற இடம் சிமெண்டுக் களம். மண் தரையில் ஜாக்கி ஏறும்போது நேராக இருக்கும். பாரம் விழ விழ ஒரு பக்கமாகப் புதையும். மழை பெய்த மறுநாள் சொல்லவே வேண்டாம். சரிவான இடத்திலும் இந்த வேலை கூடாது. களத்தில் எண்ணெயும் கிரீசும் சிந்தாமல் பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு நெல் காயப் போகிற இடம் அது. ஆனால் ஜாக்கியும் முட்டும் தார்ப்பாயின் மேல் நிற்கக் கூடாது. சிமெண்டின் மேலேயே நிற்க வேண்டும்.

கை பிரேக்கை நம்பி வண்டியைத் தூக்கக் கூடாது. இந்தக் கார்களில் கை பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். கியரில் போட்டு வைத்தாலும் தடுத்து நிற்பது பின் சக்கரங்களே. அவை தரையை விட்டு எழும்பியதும் இரண்டும் பயனற்றுப் போகும். ஆகவே இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் தடைக்கட்டைகளை நெருக்கி வைக்க வேண்டும்.

ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே எண்ணெயால் இயங்கும் ஜாக்கியில் வாஷர் கசிந்தால் அது தானாகவே இறங்கும். திருகு ஜாக்கி பக்கவாட்டில் சாயும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது.

தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு இரண்டு வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் பட்டறையில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் கனமான, வெடிப்பில்லாத, சதுரமாக அறுத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அகலமான அடியோடு மேடை கட்டலாம். செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல், செங்குத்தாக நிறுத்திய உருளைக் கட்டை ஆகியவை முட்டுக்கு ஆகாதவை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் பரவலாக எடையைத் தாங்கும். ஓரிடத்தில் இரும்பு அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

முட்டு வைக்கும் இடம் வண்டியின் அடியிலுள்ள பெட்டி போன்ற உறுதியான சட்டப் பகுதியாக இருக்க வேண்டும். பட்டையின் முன் கண்ணுக்குச் சற்று முன்னால் இந்தப் பகுதி இருக்கும். வெறும் தகட்டுத் தரையில் முட்டு வைத்தால் தகடு கிழிந்து ஏறும். பழைய வண்டிகளில் சட்டமே துருப்பிடித்திருக்கலாம். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும், உதிரும். அப்படி உதிர்ந்தால் அந்த வண்டிக்கு முதலில் தேவை பட்டை அல்ல, சட்ட வேலை.

கழற்றும் முறை

முதல் நாளே எல்லா நட்டுகளையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட வேண்டும். வேலை நாளில் பக்கத்தில் இன்னொருவர் இருப்பது கட்டாயம். குழந்தைகளும் ஆடு மாடுகளும் கிட்ட வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

1. சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பின் பலம் கொடுத்தால் வண்டி முட்டிலிருந்து அசையும்.

2. பின் அச்சின் நடுவில் ஜாக்கியை வைத்து மெதுவாகத் தூக்கி, இரண்டு பக்கமும் முட்டு வைத்து, வண்டியின் உடல் முட்டின் மேல் அமரும்வரை ஜாக்கியை இறக்க வேண்டும். ஜாக்கி அச்சைத் தொட்டபடியே இருக்கட்டும்.

3. அடியில் போகும் முன் வெளியே நின்றபடி வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைந்தால் இறக்கி, முட்டை மறுபடி வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் உடலுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டால் அது இரண்டாவது காவல்.

4. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே கழற்ற வேண்டும். மறு பக்கத்துப் பட்டை அச்சை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். வேலை செய்யும் பக்கத்தில் அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியோ மரக்கட்டையோ தாங்கலாக இருக்க வேண்டும். அச்சு தொங்கினால் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் இழுபட்டு அறுந்துவிடும்.

5. ஷாக் அப்சார்பரை அச்சிலிருந்து விடுவித்த பின், யூ போல்ட் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பட்டை அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, தகடு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கழற்றும் முன்பே சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்லது. துருவேறிய யூ போல்ட் அசையாவிட்டால் ஆக்ஸா பிளேடால் அறுக்கலாம். கேஸ் கட்டிங் வேண்டாம். பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாயும் அருகிலேயே இருக்கின்றன.

6. பிறகு பின்பக்கத்து ஷேக்கிள், கடைசியில் முன் கண் போல்ட். போல்ட் நெருக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தால் பட்டையில் இன்னும் இறுக்கம் இருக்கிறது என்று பொருள். சம்மட்டியைத் தேடக் கூடாது. அச்சைத் தாங்கும் ஜாக்கியை இம்மியளவு ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் போல்ட் இளகும் இடம் ஒன்று கிடைக்கும். அப்போது தட்டினால் வந்துவிடும். தட்டும்போது கண்ணாடி அணிய வேண்டும். கடினமான பட்டை உருக்கின் மேல் சுத்தியலை நேரடியாக அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நடுவே ஒரு பித்தளைக் கட்டியை வைத்துத் தட்டுவது முறை.

பட்டைக் கட்டு கனமானது. இறக்கும்போது இருவர் பிடிக்க வேண்டும்.

பூட்டும் முறை

பூட்டுவது கழற்றியதற்கு நேர்மாறு. முன் கண்ணை முதலில் பொருத்தி, பிறகு ஷேக்கிளைப் பொருத்தி, இரண்டிலும் நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட வேண்டும். அடுத்து, சென்டர் போல்ட்டின் தலை அச்சின் இருக்கையிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். இது உட்காராமல் யூ போல்ட்டை முடுக்கினால் அச்சு கோணலாகிவிடும். உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே, நான்கு நட்டுகளையும் கோணத்துக்குக் கோணம் மாற்றி மாற்றி, படிப்படியாக முடுக்க வேண்டும்.

ரப்பர் புஷ் உள்ள கண்களை அந்தரத்தில் முழுமையாக முடுக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்த எடை பட்டையின் மேல் விழுந்த பிறகே இறுதியாக முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். வேலை நன்றாகச் செய்த பலர் தவறவிடும் இடம் இதுதான்.

வண்டியை இறக்கும் முன் பிரேக் குழாயில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். முதலில் களத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சோதித்த பிறகே சாலைக்குப் போக வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து அமரும்போது இறுக்கம் சற்றுத் தளர்வது இயல்பு. இந்த மறு முடுக்கலை விட்டுவிட்டால் சென்டர் போல்ட் அறுபடும்.

கூடுதல் பட்டை சேர்க்கலாமா?

பட்டை மாற்றும்போதே இன்னும் இரண்டு பட்டை சேர்த்துவிட்டால் மூட்டை கூடுதலாக ஏற்றலாம் என்று சிலர் நினைப்பார்கள். 50 கிலோ மூட்டை 10 என்றால் 500 கிலோ. ஐந்து பேர் உட்காரும் காருக்கு அது ஏழெட்டு ஆட்களின் எடை. பட்டை கனத்துவிட்டது என்பதால் அச்சு கனக்கவில்லை. டயரும் பிரேக்கும் பழைய அளவுதான். வில் தாங்கிக்கொள்வதால் வண்டி தாழாது. தாழாததால் பாரம் அதிகம் என்ற எச்சரிக்கையும் கிடைக்காது. கடைசியில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காதபோதுதான் தெரியவரும். பாரம் இல்லாத நாட்களிலோ வண்டி கட்டை வண்டியாகிவிடும். சட்டம் அதிர்ந்து வெடிக்கும். மேலும், 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிக் கட்டிய வண்டி அங்கே கேள்விக்கு உள்ளாகும். மூட்டைக்கு டிராக்டர் டிரெய்லரோ வாடகை வண்டியோதான் சிக்கனம்.

முறிந்த பட்டையைப் பற்றவைத்து ஓட்டுவதும் கூடாது. பட்டைக்கு வளைந்து நிமிரும் குணத்தைத் தருவது அதன் பதம். பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்தின் பதம் கெட்டு, அதன் அருகிலேயே மறுபடி முறியும். கொல்லுப் பட்டறையில் காய்ச்சி வளைத்தாலும் இதே கதிதான். முறியாமல் சோர்ந்த பட்டையை மட்டும், நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் பட்டை வேலையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கலாம்.

பழைய பட்டை

கழற்றிய பட்டை வீண் போகாது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளின் கூர்மை விவசாயிகள் அறிந்ததே. கார் பட்டையும் அதற்கு ஏற்ற உருக்குதான். ஆனால் கட்டைப் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பட்டையும் வெவ்வேறு வளைவில் இருப்பதை நெருக்கித்தான் சென்டர் போல்ட் கட்டியிருக்கிறது. அதை அப்படியே அறுத்தால் பட்டைகள் துள்ளி விரியும். போல்ட்டின் இரு புறமும் இறுக்குக் கிளாம்பு போட்டு, போல்ட்டை எடுத்தபின் கிளாம்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பிரிக்க வேண்டும்.

வேலைக்கு முன் நினைவில் கொள்ள வேண்டியவை: முன் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை, உடலுக்கு உறுதியான முட்டு, அச்சுக்குத் தனித் தாங்கல், பக்கத்தில் ஓர் ஆள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலையைத் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.